ஃபுல்லா தள்ளுதேன் சார்

மூணு மணிக்குத் தள்ளுபடி முடியுது. திரையில ஒரு கடிகாரம் பின்பக்கமா ஓடிக்கிட்டிருக்கு, ஐம்பத்தெட்டு நிமிஷம் சொச்சம். அதுக்குப் பக்கத்துல பச்சைக் கலர்ல ஒரு பொத்தான். அமுக்குனா விளையாட்டு எனக்கு, அமுக்கலேன்னா இல்லை. இதுக்குப் போய் கஸ்பார் ரொட்ரிகோ, அறுபத்தோரு வயசு, இருபத்தாறு வருஷம் டக் ஓட்டுனவன், பெரிய கப்பலை முட்டித் தள்ளி, சரக்கு இறக்குற ஜெட்டியில கொண்டு அணைக்கிற இழுவைப் படகுக்கு மாஸ்டரா இருந்தவன், முண்டா பனியனோட மேசை முன்னால உக்காந்து வேர்த்துக்கிட்டிருக்கேன். லேப்டாப்பு மக அனிஸ்டாவோடது. போன மாசம் வந்தப்ப, "சும்மா மோட்டுவளையப் பாத்துக்கிட்டு இருக்காதியப்பா, இதுல படம் பாருங்க"ன்னு வச்சுட்டுப் போனா. இந்த விளையாட்டு விக்கிற ஆன்லைன் கடையில கணக்குத் தொடங்கிக் குடுத்ததும் அவதான். கடற்படை விளையாட்டு, பேரு ஏதோ அட்மிரல்னு முடியும். படத்துல சாம்பல் கலர்ல போர்க்கப்பல் வரிசையா நிக்கி, கடல் பாரு, என்ன நீலம்! எந்த ஊருல இப்படி இருக்கு? நான் பாத்த தண்ணி மேல எப்பவும் கரித்தூசி மிதக்கும். கரித்தூசி. அந்தப் பேச்சு இப்ப வேண்டாம். "ஏங்க, இன்னும் அதையேவா பாத்துக்கிட்டு இருக்கிய? வாங்குனா வாங்குங்க, இல்லேன்னா வந்து இந்தத் தேங்காயத் துருவுங்க"ன்னு அடுக்களையில இருந்து ரெஜினா சத்தம். "தேங்காயத் துருவுதேன்"னேன். அசையல. அவ சிரிக்கா, எனக்குக் கேக்குது. சொன்னதைத் திருப்பிச் சொல்லுறது என் நாக்குல ஊறிப்போன பழக்கம். துறைமுகத்துல அதுதான் சட்டம். மேல இருந்து வாக்கிடாக்கியில ஆர்டர் வந்தா, அதே வார்த்தையைத் திருப்பிச் சொல்லணும், அப்புறந்தான் செய்யணும். அப்பத்தான் சொன்னவனுக்கு நம்ம காதுல சரியா விழுந்துதுன்னு தெரியும். மருந்துக்கடைக்காரன் சாப்பாட்டுக்கு அப்புறம் ரெண்டுன்னா, நானும் சாப்பாட்டுக்கு அப்புறம் ரெண்டுன்னு சொல்லிட்டுத்தான் மாத்திரையில கை வைப்பேன்.

விளையாட்டு மேல எனக்கென்ன ஆசை? சீட்டுகூட ஒழுங்கா ஆடத் தெரியாது. இதுக்குள்ள சிவப்பிரகாசம் இருக்கான், அதான் சங்கதி. கேப்டன் சிவப்பிரகாசம். துறைமுகத்துப் பைலட்டு. கப்பல் உள்ள வரும்போது அதுல ஏறி, வழி சொல்லி, ஜெட்டியில கட்டுற வரைக்கும் கப்பலுக்கும் எசமான், அதைத் தள்ளுற எங்களுக்கும் எசமான். எந்தத் துறைமுகம்னு கேக்கவேண்டாம், வடக்கே ஒரு தனியார் துறைமுகம், அந்தப் பேரு என் வாயில வராது. என் தலையில ஏறி மிதிச்சு அவன் கரையேறுன இடம் அது. நாசமாப் போவான். பதினோரு வருஷமா தினம் ஒரு தடவையாவது இதைச் சொல்லியாச்சு, ஆளு நாசமாத்தான் போகல, கோயம்புத்தூர்ல மாடி வச்சு வீடு கட்டியிருக்கான். போன வாரம் யூடியூப்ல கப்பல் வீடியோ ஒண்ணு பாத்துட்டு அடுத்ததைத் தட்டுறேன், அந்த மூஞ்சி! வெள்ளைத் தாடி வச்சுருக்கான், காதுல தேங்காய் மூடி கணக்கா ஹெட்போன். ஆனா தொண்டை அதே தொண்டை. ஆர்டர் சொல்லுறதுக்கு முன்னால ரெண்டு தடவை ம்க்கும், ம்க்கும்னு செருமுவான்.  இந்த விளையாட்டுல ஒரு படையே வச்சுருக்கான். பதினோரு கப்பல், ஒவ்வொண்ணுக்கும் ஒரு காலேஜ் பையனோ பொண்ணோ, எல்லாரும் "அட்மிரல் சார், அட்மிரல் சார்"னு உருகுதுக. முப்பத்துநாலு சண்டை, எல்லாம் ஜெயம், ஒரு தோல்வி கிடையாதாம். இருக்காதுடே. தோத்தா யார் தலையில போடலாம்னு கப்பல் ஏறுறதுக்கு முன்னாலயே யோசிச்சு வச்சுருப்பே. ஆறு வீடியோ பாத்தேன், ஒண்ணொண்ணும் ரெண்டு மணி நேரம். ரெஜினா மாதா டிவியில செபமாலை பாக்கணும்னு கெஞ்சுனா, போ அந்தப் பக்கம்னுட்டேன். பாவம், அவகிட்ட ஏன் எரிஞ்சு விழுந்தேன்னு தெரியல.

அன்னைக்கு நடந்ததை நான் எத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்கேன். சலூன்ல, கல்யாண வீட்டுல, ஒருக்க ரயில்ல முன்னப்பின்ன தெரியாத பல் டாக்டர்கிட்ட. காலையில ஏழே முக்கால், கரி ஏத்துன கப்பல், ஜெட்டிக்கு இன்னும் கொஞ்சந்தான். என் டக்கு கப்பலோட பின்பக்கம், கடல் பக்கமா மூக்கை வச்சுத் தள்ளிக்கிட்டு நிக்கி. பைலட்டு கப்பல் மேல ஜெட்டிப் பக்கத்துல நின்னு இடைவெளியப் பாக்கணும். இவன் எங்கே நின்னான்? என் தலைக்கு நேரா மேல, கடல் பக்கம், கையில செல்போன். மக கல்யாணத்துக்கு மண்டபம் பேசிக்கிட்டிருந்தான். ஒரு கையில வாக்கிடாக்கி, ஒரு காதுல மண்டபம். ம்க்கும், ம்க்கும். "டக் ரெண்டு, ஃபுல்லா தள்ளு." நான் திருப்பிச் சொன்னேன், "டக் ரெண்டு, ஃபுல்லா தள்ளுதேன் சார்." தள்ளுனேன். நிறுத்துன்னு அவன் சொல்லவேயில்லை. மாதா மேல சத்தியமா சொல்லல. கப்பலோட பின்பக்கம் போய் ஜெட்டி ஓரத்துல கயிறு கட்டுற மேடையில மோதுச்சு, மேடை சரிஞ்சுச்சு, அதுல நின்ன சூசையோட இடது கால் முட்டுக்குக் கீழ கூழாப்போச்சு. சூசை எங்க ஊருக்காரன், எனக்குத் தம்பி முறை, அந்த வேலைக்கு அவனைக் கூட்டிட்டுப் போனதே நான்தான். விசாரணையில சிவப்பிரகாசம், அன்னன்னைக்கு உத்தரவெல்லாம் குறிக்கிற லாக் புத்தகத்தை எடுத்து வச்சான். ஏழு நாப்பத்திரண்டுக்கு நிறுத்துன்னு பைலட்டு உத்தரவு குடுத்தாரு, டக் ரெண்டு கேக்கலன்னு அவன் கையெழுத்துல அழகா எழுதியிருக்கு, அடியில என் கையெழுத்து. என் கையெழுத்துதான், பொய்யில்லை. அங்க ஒரு பழக்கம். சாயங்காலம் வேலை முடிஞ்சு பைலட்டு ஆபீஸ்வரை ஒரு மைல் நடந்து போய்க் கையெழுத்துப் போட யாருக்குக் காலு இருக்கு? அதனால டக்கு மாஸ்டர் எல்லாரும் காலையிலயே, பக்கம் வெறுமையா இருக்கும்போதே, அடியில போட்டு வச்சுருவோம். வெறும் தாளுல கையெழுத்துப் போட்ட முட்டாள்னு வக்கீல் என்னைப் பாத்துச் சிரிச்சான். வாக்கிடாக்கி பேச்சப் பதிவு பண்ணுற மிஷினு ரெண்டு மாசமா ரிப்பேர். முடிஞ்சுது கதை. சூசை காலை எடுத்தாங்க, என் லைசென்ஸை எடுத்தாங்க, அவன் மகளுக்கு அதே மண்டபத்துல கல்யாணம் நடந்துச்சு.

நாப்பத்தோரு நிமிஷம். முதல்ல என் யோசனை எப்படின்னா, வாங்குறோம், பழகுறோம், எதிர்ப்பக்கம் ஒரு நீர்மூழ்கியில போய் அவன் கப்பல் அடிவயித்துல ஒண்ணு விடுறோம். அவன் திரை பூரா தீ. பதினோரு பேரு முன்னால அட்மிரல் சார் தண்ணி குடிக்கான். அதை நினைச்சாலே வாயெல்லாம் இனிக்கி. ஆனா அவன் எழுபதாம் படியில இருக்கான், நான் ஒண்ணாம் படியில நிக்கணும். விளையாட்டுக்குக் கீழ ஒருத்தன் எழுதியிருக்கான், தொள்ளாயிரம் மணி நேரம் ஆடிட்டேன், தயவுசெஞ்சு யாரும் வாங்காதீங்கன்னு. தொள்ளாயிரம் மணி நேரம்! அதுக்குள்ள அவனுக்கோ எனக்கோ ஒரு அட்டாக்கு வந்துரும். செத்தவனைப் போய் எப்படி மூழ்கடிக்கிறது. அப்புறம் நேத்து மதியம் சாப்பிட்டு எழும்பும்போது, கை கழுவுற இடத்துல, அது தோணுச்சு. எதுக்கு எதிரா ஆடணும்? அவன் படையிலயே போய்ச் சேரு. வேற பேருல, பணிவா, சார் சார்னு. அவனுக்கு எப்பவும் ஆள் தேவை, வீடியோ முடிவுல கேக்கான். நாலாவது வீடியோவுல ஒரு பையன் கேட்டான், "சார், நீங்க குடுக்கிற ஆர்டர் தப்புன்னு தோணுச்சுன்னா என்ன பண்றது?" அவன் சிரிச்சான். ம்க்கும். "தம்பி, யோசிக்கிறதுக்கு நான் இருக்கேன். ஆர்டர் வந்தா ஏற்றேன்னு ஒரு பொத்தான் இருக்கு, அதை அமுக்கு. சொன்னதைச் செய்."  இவன் மாறவேயில்லை. அப்ப நான் செய்யவேண்டியது என்ன? காத்திருக்கணும். நல்ல பிள்ளையா பத்து சண்டை, இருபது சண்டை. என்னைக்காவது ஒரு நாள் வேற எங்கேயோ கண்ணை வச்சுக்கிட்டு ஒரு தப்பான ஆர்டர் குடுப்பான், குடுக்காம இருக்கமாட்டான். பக்கத்துல இருக்கிற எனக்கு அது தப்புன்னு தெரியும். தெரிஞ்சும் நான் மூச்சு விடமாட்டேன். ஏற்றேன். சொன்னபடியே, ஒரு நூல் பிசகாம செஞ்சு, அவனை அவன் வாய் வார்த்தையாலேயே பாறையில கொண்டு ஏத்திருவேன். ஆகா! கை கழுவுற இடத்துல தனியா நின்னு சிரிச்சேன். "என்னத்துக்குச் சிரிக்கிய?"ன்னு ரெஜினா வந்து எட்டிப் பாத்தா.

முப்பத்திரண்டு நிமிஷம். அமுக்கிருவோமா. அமுக்குனதும் பேரு கேக்கும், அதையும் வீடியோவுல பாத்துட்டேன், தளபதியோட பேரு என்னன்னு ஒரு கட்டம் வரும். என் பேரைப் போட்டா உஷாராயிருவான். ஆனா மூழ்கும்போது யாரு மூழ்கடிச்சான்னு அவனுக்குத் தெரியணுமே, இல்லேன்னா என்ன ருசி? அதுக்கும் ஒரு பேரு நினைச்சு வச்சுருக்கேன், சேரும்போது உறைக்காது, மூழ்கும்போது உறைக்கும். சூசை. தண்ணி மேல வரும்போது அவன் திரையில தெரியட்டும், சூசை உன்னை மூழ்கடிச்சான்னு. ராத்தூக்கம் போகட்டும் அவனுக்கு. சூசைக்குச் சொன்னா சந்தோஷப்படுவான். சந்தோஷப்படுவானா? அவன் இப்ப ஐஸ் கம்பெனி வாசல்ல டோக்கன் குடுத்துக்கிட்டு இருக்கான். கட்டைக்காலை நாற்காலிக்குப் பக்கத்துல கழட்டி வச்சுருப்பான், புழுங்குதுண்ணேம்பான். மாதா தேர் அன்னைக்கு வருஷம் தவறாம வீட்டுக்கு வாறான், அல்வா வாங்கிட்டு வாறான். சிவப்பிரகாசத்தை ஒரு வார்த்தை திட்டமாட்டான். நான் திட்டுவேன், அவன் கேட்டுக்கிட்டே இருப்பான், கிளம்பும்போது வாசல்ல நின்னு ஒண்ணு மட்டும் சொல்லுவான். "அண்ணே, ஊர் உலகம் என்ன சொன்னாலும், உங்க மேல தப்பில்லேன்னு எனக்குத் தெரியும்ணே." ஒவ்வொரு வருஷமும் இதே வார்த்தை. அவன் போனதும் நான் அந்த அல்வாவைத் தொடமாட்டேன். எனக்குச் சீனி வியாதி இருக்குன்னு ரெஜினாகிட்ட சொல்லுவேன். சீனியெல்லாம் எனக்குக் கிடையாது.

தேங்காய் துருவுற சத்தம் கேக்குது, அவளே துருவ ஆரம்பிச்சுட்டா. சர்க், சர்க். போய் அவ கையில இருந்து வாங்கித் துருவணும், எழும்ப முடியல. என்னமோ ஒண்ணு முள்ளு மாதிரி சிக்கியிருக்கு. நேத்துக் கை கழுவும்போது அந்த யோசனை ரொம்பச் சுளுவா வந்துச்சு. புதுசா ஒரு வேலையைப் படிக்கிறவனுக்குக் கை தடுமாறணுமில்ல? எனக்குத் தடுமாறல. தெரிஞ்சும் மூச்சு விடாம இருக்கிறது, சொன்னபடியே செய்யுறது, அவன் வார்த்தையாலேயே அவனைக் கொண்டு ஏத்துறது. இது எனக்கு எங்கேயோ பழக்கம். எங்கே பழக்கம்? விடு. பொத்தானை அமுக்கு. இருபத்தாறு நிமிஷம். விசாரணையில அந்த வழுக்கைத் தலை ஆபீசர் கேட்டான், "டக்குல இருந்து ஜெட்டி தெரிஞ்சுதா?" நான் சொன்னேன், கரித்தூசி சார், ஒண்ணும் தெரியல. யாரும் மறுத்துப் பேசல. கரித்தூசி எப்பவும் பறக்கிற இடம்தான். ஆனா அன்னைக்கு ராத்திரி பூரா மழை. காலையில காத்து கழுவி விட்டமாதிரி இருந்துச்சு. என் டக்கு கப்பலோட வால் நுனியில நின்னதால, வாலுக்கும் ஜெட்டிக்கும் நடுவுல தண்ணி பளபளன்னு தெரிஞ்சுச்சு, குறுகிக்கிட்டே வந்துச்சு. என் கைக்குப் பக்கத்துல வாக்கிடாக்கி. முந்தின வாரம் இதே மாதிரி ஒரு கப்பல்ல, நான் "சார், நிறுத்தலாமா?"ன்னு கேட்டேன். அன்னைக்கு நான் கேட்டதுனாலதான் கப்பல் தப்பிச்சுது. அதுக்கு அவன் கேன்டீன்ல, என் டக்குல வேலை பாக்கிற பையங்க எல்லாரும் டீ குடிச்சுக்கிட்டிருக்கும்போது, எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொன்னான். "ரொட்ரிகோ, டக்குக்கு மூளை வேண்டாம். சொன்னதைத் திருப்பிச் சொல்லு, சொன்னதைச் செய். கேள்வி கேக்க உன்னை வைக்கல." ஒருத்தன் சிரிச்சுட்டான், டீ புரைக்கேறி இருமுனான்.  சரி சார்னேன். டம்ளரை வச்சேன். மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன், சரி சார், இனிமே அப்படியே.

ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு. மோதப்போகுதுன்னு தெரிஞ்சதுக்கும் மோதுனதுக்கும் நடுவுல அஞ்சே விநாடி. டக்கு ஓட்டுறவனுக்கு அது ரொம்ப நேரம், லிவரைப் பின்னால இழுக்க ஒரு விநாடி போதும். ஃபுல்லா தள்ளுதேன் சார்னு நான் சொன்ன சத்தம் எனக்கே இப்ப கேக்குது, என்ன ஒரு பணிவு அதுல, தேனு சொட்டுது. மோதட்டும்னு நினைச்சேன். ஆமா, நினைச்சேன். மோதட்டும், ஜெட்டி ஓரத்து ரப்பர் மெத்தை நசுங்கட்டும், கப்பல் பெயின்டு உரியட்டும், மேலதிகாரி வந்து இவன் சட்டையைப் பிடிக்கட்டும், அப்ப நான் கையைக் கட்டிக்கிட்டு நின்னு, நீங்க சொன்னதைத்தான சார் செஞ்சேன்னு சொல்லுறேன். அம்புட்டுத்தான் நினைச்சேன். அந்த மேடையில ஆள் நிக்கும்னு நினைக்கல. மஞ்சத் தொப்பி ஒண்ணு தெரிஞ்சுதான்னு கேட்டா, தெரியல, சத்தியமா அது தெரியல. கண்ணு அந்தத் தண்ணி மேலதான் இருந்துச்சு. பழிவாங்கணும் பழிவாங்கணும்னு பதினோரு வருஷமா பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கிடக்கேனே, அதை நான் அன்னைக்கே வாங்கியாச்சு. வாங்குனது சூசை காலுல விழுந்துட்டு. சிவப்பிரகாசம் செஞ்ச அயோக்கியத்தனம் அயோக்கியத்தனம்தான். வெறும் தாளுல எழுதுனவன் அவன், அவனை நான் மன்னிக்க மாட்டேன், சாகுற வரைக்கும் மாட்டேன். ஆனா அவன் நிறுத்துன்னு சொல்லலேங்கிறதை மட்டும் ஊர் பூரா சொன்னவன், எனக்கு ஜெட்டி தெரிஞ்சுதுங்கிறதை ஒருத்தர்கிட்டயும் சொல்லல. ரெஜினாகிட்ட சொல்லல. பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்டகூட கோபம், கெட்ட வார்த்தை, பூசைக்குப் போகாததுன்னு சொல்லிட்டு எழும்பி வந்துருவேன். இப்ப அதே சோலியை இன்னொரு தடவை செய்யப்போறேன், சூசை பேரைப் போட்டு. அட மானங்கெட்டவனே.

பதினொரு நிமிஷம் இருக்கும்போது போனை எடுத்தேன். எண்ணைத் தேட வேண்டியதில்லை. ரெஜினா துருவுன தேங்காய்த் தட்டோட கதவுகிட்ட வந்து நின்னா. "என்ன, வாங்கியாச்சா?" நான் கையைக் காட்டி, பொறுன்னேன். என் மூஞ்சியில என்னத்தக் கண்டாளோ, தட்டைப் பிடிச்சுக்கிட்டு அங்கேயே நின்னுட்டா. மணி அடிக்கி. அடிச்சுக்கிட்டே இருக்கு. எடுக்காட்டா நல்லதுன்னு ஒரு பக்கம் கிடந்து அடிச்சுக்குது, மாதாவே, எடுக்காம இருக்கட்டும். வச்சுரு, நாளைக்குப் பேசலாம். தேருக்கு வரும்போது நேர்ல சொல்லலாம். இத்தனை வருஷத்துக்கு அப்புறம் இதைச் சொல்லி அவன் காலு முளைக்கவா போகுது? என்னை ஒருத்தனாவது நல்லவன்னு நினைக்கான், அது ஒண்ணுதான் என்கிட்ட மிச்சம் இருக்கு, அதையும் கொண்டுபோய்க் கடல்ல போடணுமா? அடுத்த வருஷம் அல்வா வராது. திரையில கடிகாரம் ஓடுது, அந்தப் பச்சைப் பொத்தான் அப்படியே இருக்கு. ஐஸ் கட்டி உடைக்கிற சத்தம் முதல்ல கேட்டுச்சு, அப்புறம் அவன் குரல். "அண்ணே! சொல்லுங்கண்ணே, என்ன இந்த நேரத்துல?" "சூசை, மிஷினு சத்தத்தை விட்டு இங்கிட்டு வாடே." "இங்கிட்டு வாறேன்." கட்டைக்கால் சிமென்ட்டுல தட்டுற சத்தம், டொக், டொக். நின்னுச்சு. "இப்ப கேக்குதுண்ணே. சொல்லுங்க."  ரெஜினா என்னையே பாக்கா. "அன்னைக்குக் காலையில கரித்தூசி இல்லடே. எனக்கு ஜெட்டி தெரிஞ்சுது. மோதப்போகுதுன்னு தெரிஞ்சுது. தெரிஞ்சுதான் தள்ளுனேன்."

அவனும் கயிறு கட்டுற கும்பல்ல பதினாலு வருஷம் வாக்கிடாக்கி பிடிச்சவன்.  மெதுவா, ஒவ்வொரு வார்த்தையா, கேள்வியா இல்லாம, காதுல சரியா விழுந்துதுன்னு எனக்குத் தெரியுற மாதிரி, சூசை திருப்பிச் சொன்னான். "ஜெட்டி உங்களுக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சுதான் தள்ளுனிய."